என் மகள் படித்தது கார்கிவில்

அந்தப் படிவத்தில் வெள்ளை மை பூசிய கை என் மகனுடையது. பூசச் சொன்ன வாய் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, அது உங்கள் மகன் விட்ட பிழைதானே என்று எனக்காக வக்காலத்து வாங்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் நோர்பரியில் இருந்தோம். நான், மகன், மகள், மூன்றே பேர். மகள் உக்ரேனில் கார்கிவ் என்ற நகரத்துப் பழைய பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவள். லண்டனுக்கு வந்த மாதத்திலிருந்து டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடையில் டில்லில் நின்றாள். முருங்கைக்காய்க்கும் மாசிக்கருவாட்டுக்கும் விலை அடித்துக்கொண்டே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்க வேண்டும் என்று இருந்தாள். கடைசியில் ஒரு கல்லூரி அவளை ஆசிரியப் பயிற்சிக்கு எடுக்கச் சம்மதித்தது. வெளிநாட்டுப் பட்டங்களைப் பார்த்து மதிப்பிடும் அலுவலகம் ஒன்று, அவளுடைய பட்டம் இங்கே செல்லும் என்று கடிதம் தர வேண்டும். ஓகஸ்ட் முடிவதற்குள் அந்தக் கடிதம் கல்லூரிக்குப் போய்ச் சேராவிட்டால் அவளுடைய இடம் வேறொருவருக்கு.

மகள் படிவத்தை நிரப்பி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். தபாலில் போட எடுத்த மகன் அதைப் பிரித்துப் பார்த்தான்.

“அம்மா, நாடு எண்ட இடத்தில சோவியத் யூனியன், உக்ரேன் எண்டு எழுதியிருக்கிறாள். சோவியத் யூனியன் இப்ப இல்லை. உடைஞ்சு போச்சு. டீவியில பாத்தனீங்கள்தானே?”

“அப்ப என்ன எழுதிறது?”

“தெரியேல்லை. அவள் வரட்டும், கேப்பம்.”

“அவள் வரத் தபால் போயிடும். ரஷ்யா எண்டு எழுது. அவள் ரஷ்யாவில படிச்சவள் எண்டுதானே எல்லாருக்கும் சொல்லுறம்.”

பத்து வருடமாக நான் அப்படித்தான் சொல்லி வந்தேன். நான் மட்டுமல்ல, எங்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். மொஸ்கோவுக்குப் போனவனும் ரஷ்யா, கீவுக்குப் போனவனும் ரஷ்யா. எண்பதுகளின் தொடக்கத்தில், நல்ல புள்ளி எடுத்தும் எங்கள் பிள்ளைகளுக்கு ஊரில் பல்கலைக்கழகம் கிடைக்காமல் போன காலத்தில், சோவியத் யூனியனில் இலவசப் படிப்பு ஒன்று வந்தது. அதற்கு அவளை அனுப்பினேன். குமர்ப்பிள்ளையைத் தனியே கொம்யூனிஸ்ட் நாட்டுக்கு அனுப்புகிறாள், இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொந்தக்காரர் சொன்னார்கள். என் கணவர் அப்போது உயிரோடு இல்லை. தடுக்க உரிமை உள்ளவர் போய்விட்டார், மற்றவர்கள் வாயை மூடலாம் என்றேன். அதற்குப் பிறகு பாதிச் சொந்தம் பேச்சை விட்டது. அதனால் என் வீட்டில் உலை கொதிக்காமல் போகவில்லை.

லண்டனிலும் கதை ஓயவில்லை. நோர்பரியில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் பட்டுச்சேலை கட்டிய ஒருத்தி என் பக்கத்தில் வந்து அமர்ந்து, “அக்கா, ரஷ்யப் பட்டம் இஞ்ச செல்லாதாமே? காசில்லாமல் குடுக்கிற படிப்பெண்டால் அப்பிடித்தான்,” என்றாள். “தங்கச்சி, உன்ர மகன் காசு குடுத்துப் படிச்சும் இன்னும் முடிக்கேல்லை எண்டு கேள்விப்பட்டன்,” என்றேன். அவள் எழுந்து போய் வேறு மேசையில் சாப்பிட்டாள்.

ஆக, மகன் வெள்ளை மையைப் பூசி, காயும் வரை ஊதி, அதன்மேல் ரஷ்யா என்று எழுதினான். நானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. மகள் சமையலறையில் நின்றபடியே வாசித்தாள். நீங்கள் குறிப்பிட்ட நாட்டில் அந்த நகரமோ பல்கலைக்கழகமோ எங்கள் பதிவில் இல்லை. மேலும் படிவத்தில் நாட்டின் பெயர் அழித்து மாற்றப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் விண்ணப்பத்தை மேற்கொண்டு பார்க்க முடியாது.

“மாத்தினதோ? நான் ஒண்டும் மாத்தேல்லையே,” என்றாள். பிறகு தமையனைப் பார்த்தாள். தமையன் என்னைப் பார்த்தான்.

“நான்தான் மாத்தச் சொன்னனான்,” என்றேன். “இல்லாத நாட்டின்ர பேரை எப்பிடி எழுதிறது? எல்லாம் ஒண்டுதானே.”

“உங்களை ஆரும் சிங்கள ஆள் எண்டு எழுதினால் எல்லாம் ஒண்டுதானே எண்டு விடுவியளோ அம்மா?”

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கடிதத்தை நாலாக மடித்து அரிசி டப்பாவின் கீழே வைத்தாள். “களவாய் எழுதினவள் எண்டு நினைச்சிட்டினம். விடுங்கோ. கடைக்கார அண்ணை சூப்பர்வைசராப் போடுறன் எண்டவர்,” என்று சொல்லி மேலே போனாள். ஓகஸ்ட் முடிய இன்னும் பதினெட்டு நாட்கள் இருந்தன.

எனக்கு அப்போது ஒரு லோண்டரியில் வேலை. ஹோட்டல்களின் பெட்ஷீட்டுகளைக் கழுவி மடிக்கும் இடம். மெஷினிலிருந்து சூட்டோடு வரும் ஷீட்டை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, உதறி, நடந்து கிட்டே வந்து, மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். எனக்கு எதிரே நின்றவர் என்னைவிட வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண். பென்ஷன் வயது கடந்தும் வேலைக்கு வந்தார்; அவரை வீட்டுக்குப் போகச் சொல்ல எந்த மனேஜருக்கும் தைரியம் இருக்கவில்லை. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன், அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். யுத்தம் முடிந்து இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தவர் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. எங்கள் இருவரிடமும் இருந்தது உடைந்த ஆங்கிலம். அவர் சொன்னதை நான் என் தமிழில் எழுதுகிறேன்.

அடுத்த நாள் ஷீட்டை மடித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். ரஷ்யாவில் கார்கிவ் என்ற இடத்தில் மகள் படித்தாள் என்று நான் சொன்னதும் அவர் தன் பக்கத்து இரண்டு மூலையையும் கைவிட்டார். ஷீட் நிலத்தில் விழுந்தது.

“எந்த நாட்டில?”

“ரஷ்யாவில.”

“உனக்கு விசர்!” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. ஷீட்டைப் பிடித்தார், மூலையைத் தந்தார், முகத்தைப் பார்க்கவில்லை. நானும் கெஞ்சவில்லை. என்ன பிழை செய்தேன் என்று தெரியாமல் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மூன்றாம் நாள் தேநீர் இடைவேளையில் தானே வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

“நான் பிறந்தது அந்த ஊரில,” என்றார். “அது ரஷ்யா இல்லை. உக்ரேன். எங்கட அம்மா அந்தப் பல்கலைக்கழகத்தின்ர நிலம் துடைச்சவ.”

அன்று தொடங்கி ஒரு கிழமை முழுக்க, தேநீர் நேரம் பத்து நிமிடமும் சாப்பாட்டு நேரம் அரை மணியும், அவர் எனக்கு அந்தப் பல்கலைக்கழகத்தைச் சொன்னார். உள்ளே என்ன படிப்பித்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. எந்தப் படிக்கட்டில் சேறு அதிகம், எந்த மண்டபத்துக்கு எத்தனை வாளி தண்ணீர், நூலகத்துக்குள் ஈரத் துணியைக் கொண்டுபோகக் கூடாது, காய்ந்த துணியால்தான் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும். ஒரு பேராசிரியர் பனிக்காலத்தில் காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு நடப்பாராம், அக்காவின் தாய்க்கு வேலை கூடக்கூடாது என்று. அந்த மனுசனின் பெயர் அவருக்கு மறந்துபோயிருந்தது, காலுறையின் நிறம் நினைவிருந்தது.

“ஆர் கட்டினது? ஜார் மன்னனோ?” என்று கேட்டேன்.

“மன்னன் கையெழுத்துத்தான் போட்டவன். ஊர்ச்சனம் கேட்டு வாங்கினது. பெரிய வீட்டுக்காரர் குடுத்தவை, கடைக்காரர் குடுத்தவை. எங்களுக்கொரு பல்கலைக்கழகம் வேணும் எண்டு ஒருத்தர் எல்லாற்ற வாசலுக்கும் போய்க் கேட்டவராம். அம்மாவுக்கு அதில பெருமை. அரசாங்கத்தின்ர நிலத்தையில்லை, ஊரின்ர நிலத்தைத்தான் துடைக்கிறன் எண்டு சொல்லுவா.”

இதை எனக்கு விளக்கத் தேவையே இருக்கவில்லை. நான் படித்த நாலு வகுப்பும் பிடியரிசியில் கட்டிய பள்ளிக்கூடத்தில் படித்தவை. ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் உலையில் அரிசி போடமுன் ஒரு பிடியை வேறு முட்டியில் எடுத்து வைப்பார்கள். கிழமைக்கு ஒருமுறை வந்து சேர்த்துக்கொண்டு போய் விற்பார்கள். அப்படித்தான் எங்களுக்குக் கூரை வந்தது. நான் இதைச் சொன்னபோது அக்கா என் கையைத் தட்டி, “அப்ப உனக்கு விளங்கும். பேந்தென்ன ரஷ்யா?” என்றார்.

அதை மூடியதையும் அவர்தான் சொன்னார். புரட்சிக்குப் பிறகு வந்தவர்கள் அந்தப் பல்கலைக்கழகம் வேண்டாம் என்று அதைக் கலைத்துத் துண்டு துண்டான நிலையங்களாக்கினார்கள். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது திரும்பத் திறந்தார்கள். திறந்த அதே வருடம் ஊரில் பஞ்சம். தெருவில் சனம் விழுந்து செத்தது. “அம்மா சூப்புக்காகத்தான் வேலைக்குப் போனவ. அந்தச் சூப்பிலதான் நான் மிஞ்சினனான்,” என்றார். பிறகு யுத்தம். பேராசிரியர்களையும் மாணவர்களையும் ரயிலில் ஏற்றி வெகுதூரம் கிழக்கே அனுப்பினார்கள். நிலம் துடைக்கிறவர்களுக்கு அந்த ரயிலில் இடம் இருக்கவில்லை. ஜேர்மன்காரர் வந்தார்கள். பதினாறு வயதில் இவரை வேலைக்கென்று வேறொரு ரயிலில் ஏற்றினார்கள். திரும்பிப் போகவே இல்லை.

“பேந்து அதுக்கு என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியாது,” என்றார்.

“என்ர மகளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாங்கோ,” என்றேன்.

வந்தார். நீலத் தொப்பி, கையில் கேக். மகள் அவரைக் கண்டதும் பேசத் தொடங்கினாள், அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். ஏதோ கேட்டார். மகள் முகம் சிவந்து, தட்டித் தடவி வேறு மாதிரிப் பேசினாள். பிறகு எனக்குச் சொன்னாள். “நான் ரஷ்ய மொழியில கதைச்சன் அம்மா. ஆறு வருஷம் எங்கட ஊரில இருந்து அதைத்தான் படிச்சனீயோ எண்டு கேக்கிறா. வகுப்பு அதிலதானே நடந்தது. ஹொஸ்டலில சமைக்கிற பெட்டையளிட்டப் பிடிச்ச உக்ரேன் மொழி கொஞ்சம் இருக்கு. அதை வைச்சுச் சமாளிக்கிறன்.”

சமையலறை உக்ரேன் மொழியில் இருவரும் இரண்டு மணி நேரம் சமாளித்தார்கள். மகள் படங்களைக் காட்டினாள். பெரிய சதுக்கத்தின் ஓரத்தில் மலை போல ஒரு கட்டடம். அக்கா தலையாட்டி மறுத்தார். அது பல்கலைக்கழகம் இல்லை, தன் காலத்தில் அது அலுவலகங்கள் இருந்த கந்தோர்க் கட்டடம் என்றார். யுத்தத்தில் பழைய கட்டடங்கள் உடைந்துபோக, திரும்பி வந்தவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள் என்று மகள் சொன்னாள். அதுவும் எரிந்து கிடந்த கட்டடம். மாணவர்களும் படிப்பித்தவர்களும் கல் சுமந்து அதைத் திருப்பி எழுப்பியதாக அவளுடைய ஆசிரியை ஒருவர் சொல்வாராம். அக்கா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து வெகுநேரம் பார்த்தார். “நல்ல பெரிய நிலம். இதை ஆர் துடைக்கிறது?” என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். அந்தக் கடிதம் வந்ததற்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு பட்டத்தைக் கொண்டுவரச் சொன்னார். கடும் நீல அட்டை போட்ட சின்னப் புத்தகம். உள்ளே இரண்டு பக்கம். ஒரு பக்கம் ரஷ்ய மொழி, மறுபக்கம் உக்ரேன் மொழி. அக்கா கண்ணாடியைப் போட்டு, நான் வாசிப்பது போலவே விரலை எழுத்தின் கீழே வைத்து மெல்ல மெல்ல வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இஞ்ச இருக்கு. உக்ரேன் எண்டு எழுதித்தானே தந்திருக்கினம். நீ ஏன் அழிச்சனீ?”

அந்தப் புத்தகத்தை வருடக்கணக்காகச் சாமித் தட்டில் வைத்துக் கும்பிட்டவள் நான். திறந்து, இது என்ன நாடு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மகள் தயங்கினாள். “இனிப் புதுசா ஃபோம் போட நாளில்லை. முந்தினதில தவறுதலா நடந்திட்டுது எண்டு ஒரு கடிதம் எழுதிப் போடுவம்.”

“கடிதம் வேண்டாம். நான் அழிச்சனான். நான் போய்ச் சொல்லுறன்.”

“உங்கட இங்கிலீசிலையோ அம்மா?”

“ஓம். என்ர இங்கிலீசிலதான்.”

அக்கா தன் தேவாலயத்தில் தெரிந்த ஒருவரைப் பிடித்துப் பட்டத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முத்திரை குத்துவித்தார். புதன்கிழமை நான், மகள், அக்கா மூவரும் லீவு எடுத்துக்கொண்டு அந்த மதிப்பீட்டு அலுவலகத்துக்குப் போனோம். நான் சேலை கட்டி அதற்கு மேல் குளிர்க்கோட்டுப் போட்டிருந்தேன், ஓகஸ்ட் மாதம் என்றாலும். கோட்டுப் போட்டால்தான் கந்தோரில் மனுசராகப் பார்ப்பார்கள்.

கவுண்டரில் ஓர் இளம் பெண் இருந்தாள். மகளின் கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்து, “இது முடிந்துபோன கோப்பு. நாட்டின் பெயர் மாற்றப்பட்டிருக்கிறது,” என்றாள்.

“நான் மாற்றியது,” என்றேன். “இவள் சரியாக எழுதினாள். நான் அழித்தேன். பிழை என்னுடையது. பட்டம் உண்மை.”

அவள் மகளைப் பார்த்தாள், மகள் குனிந்துகொண்டாள். “நிமிர்ந்து நில்,” என்று தமிழில் சொன்னேன்.

“புதிதாக விண்ணப்பியுங்கள். இரண்டு மாதமாகும்.”

“இரண்டு மாதத்தில் இவளுடைய இடம் போய்விடும்.”

“மன்னிக்கவும், கோப்பு மூடப்பட்டுவிட்டது.”

அக்கா கவுண்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றினார். “அந்தப் பல்கலைக்கழகத்தையே மூடினார்கள், பெண்ணே. பிறகு திறந்தார்கள். உன்னுடைய கோப்பு என்ன அதைவிடப் பெரிதா?”

வரிசையில் நின்ற ஒருவர் இருமுவது போலச் சிரித்தார். அந்தப் பெண், இன்று இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். சரி என்று நான் சுவரோரக் கதிரையில் போய் அமர்ந்தேன். அக்காவும் அமர்ந்தார். பிளாஸ்கைத் திறந்து இரண்டு பேருக்கும் தேநீர் ஊற்றினேன். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, “அம்மா, பொலிசைக் கூப்பிடுவினம், வாங்கோ,” என்றாள்.

“கூப்பிடட்டும். வெள்ளை மை பூசினதுக்கு என்ன தண்டனை எண்டு கேப்பம்.”

எனக்கு அவசரமில்லை. நான் வாழ்க்கையில் பாஸ்போட் கந்தோர், மாவட்டக் கச்சேரி, விசா கந்தோர் எல்லாவற்றிலும் காத்திருந்து எழும்பியவள். கந்தோரில் இருக்கிற கலையை எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கதிரையின் நுனியில் இருக்கக் கூடாது, நன்றாகச் சாய்ந்து இருக்க வேண்டும். நுனியில் இருக்கிறவரைத்தான் முதலில் அனுப்புவார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து நரைத்த தலையோடு ஒரு மேலதிகாரி வந்தார். கதிரையை இழுத்து எனக்கு எதிரே போட்டு அமர்ந்தார். அதற்கு நான் அந்த மனுசனை மதிக்கிறேன். திரும்பவும் அதே மூன்று வாக்கியத்தைச் சொன்னேன். இவள் சரியாக எழுதினாள், நான் அழித்தேன், பட்டம் உண்மை. மொழிபெயர்ப்பைப் பார்த்தார். நீல அட்டையைத் திறந்து, எழுத்துப் புரியாவிட்டாலும் முத்திரையைத் தடவினார். உள்ளே போய் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். ரஷ்யாவுக்குரிய பக்கங்களைத் தாண்டி, உக்ரேன் என்ற தலைப்பில் விரலை ஓடவிட்டு, நின்றார்.

“இருக்கிறது,” என்றார். பிறகு புருவத்தைத் தூக்கினார். “இவ்வளவு பழையதா? இது இந்த லண்டன் பல்கலைக்கழகத்தையும்விட மூத்ததே.”

“எங்களுக்குத் தெரியும்,” என்றார் அக்கா.

கடிதம் தபாலில் வரும், பத்து நாளாகும் என்றார் அவர். பத்து நாளில் ஓகஸ்ட் முடிந்துவிடும் என்று நான் சொன்னேன். இங்கேயே எழுதித் தாருங்கள், நான் இருக்கிறேன் என்றேன். அவர் பிளாஸ்கையும், அதன் பக்கத்தில் நான் பிரித்து வைத்திருந்த சாண்ட்விச் பொதியையும் பார்த்தார். நான் மெய்யாகவே இருப்பேன் என்பது அவருக்கு விளங்கியது.

நாலே முக்கால் அளவில் கடிதம் வந்தது. நான் வாங்கி மகளிடம் கொடுத்து, “சத்தமாய் வாசி,” என்றேன்.

“இஞ்சயோ?”

“இஞ்சதான். இஞ்சதானே இல்லை எண்டு சொன்னவை.”

வாசித்தாள். பல்கலைக்கழகத்தின் பெயர், கார்கிவ், உக்ரேன். இவருடைய பட்டம் இந்த நாட்டுப் பட்டத்துக்குச் சமமாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. கவுண்டர்ப் பெண் தலை நிமிரவே இல்லை. அக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, உக்ரேன் என்ற இடத்தை மட்டும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.

வெளியே வந்தபோது மகள் மணிக்கூட்டைப் பார்த்தாள். கல்லூரிக் கந்தோர் ஐந்து மணிக்குப் பூட்டும். இரண்டு தெரு தாண்டிப் போக வேண்டும்.

“நீங்கள் வரவேண்டாம் அம்மா. நான் தனியப் போய்க் குடுக்கிறன். ஓடினால் பிடிச்சிடுவன்.”

“போ,” என்றேன். “ஆனா ஓடாதை. நிமிந்து நடந்து போ. ஓடிறதுக்கு நாங்கள் ஒண்டையும் களவெடுக்கேல்லை.”

அவள் நடந்தாள்.